கயலின் பிறந்தநாளும் நான் வாங்கிய தப்பு நூலும்

செந்தில்,

முந்தாநாள்தான் நேரில் பார்த்தோம், நேற்று போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நீ "சரி நைனா, சரி நைனா" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவாய். தட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கும். காகிதத்தில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பார்ட்டி முடிந்து வேளச்சேரிக்குக் கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "தேங்க்ஸ் நைனா, நல்லா சமாளிச்சுட்ட" என்று சொன்னாய் அல்லவா, அந்த நன்றியைத் திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அது எனக்கு வர வேண்டியதில்லை. ஆயுசு முழுக்க பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் நான், இன்னொருத்தர் டிக்கெட்டில் பயணம் செய்ய மாட்டேன். அன்றைக்கு மொட்டை மாடியில் நடந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இதை உன் மனைவி ரேவதியும் படிப்பாள், என்றைக்காவது கயலும் படிப்பாள், வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். உன் மகள் கயலுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கை சரியாக ஒத்துழைப்பதில்லை. விரல்கள் மடங்கியே இருக்கும், பிசியோவில் எவ்வளவு நீவிவிட்டாலும் கொஞ்சம் திறந்து மறுபடி மடங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடம் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சாயங்காலம் ரேவதி ஆபீஸ் முடிந்து வந்து கூட்டிப்போகும்வரை அவள் எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு அப்பா தன் பெண்ணைப் பார்க்கிற நேரம் வேறு, ஒரு தாத்தா பார்க்கிற நேரம் வேறு. நீ அவளைக் காலையில் அவசரத்திலும் ராத்திரி தூக்கத்திலும் பார்க்கிறாய். நடுவில் இருக்கிற நீளமான மத்தியானமும் சாயங்காலமும் எனக்குக் கிடைத்திருக்கிறது.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவள் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "எல்லாரும் பிரேஸ்லெட் பண்ணணும். என் பார்ட்டில." அவள் வகுப்பில் இப்போது அதுதான் பைத்தியம். பாசிமணியை நூலில் கோத்து ஒருத்திக்கு ஒருத்தி கொடுத்துக்கொள்கிறார்கள். கயலுக்கும் நிறையப் பேர் கொடுத்திருக்கிறார்கள், முழங்கை வரைக்கும் போட்டுக்கொள்ளலாம். அவள் மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. நீ உடனே என்ன சொன்னாய்? "அதெல்லாம் வேணாம்டா கண்ணு, மேஜிக் ஷோ வெச்சுடலாம், முயல் எல்லாம் வரும்" என்றாய். அவள் முகத்தை நான் பார்த்தேன். அழவில்லை. உன்னைப் பார்த்துப் பாவம் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். அப்புறம் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நைனா, எல்லாப் பசங்களும் கடகடன்னு கோத்துக்கினு இருக்கும்போது இவ மட்டும் திணறிக்கினு இருந்தா, அதை எல்லாரும் பார்த்தா, அப்புறம் ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு சொல்லிடுவா" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் அதே பயம்தான். ஆனால் அவள் கேட்டுவிட்டாளே, அதனால் என் தலையில் கட்டிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். உன் அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, டிப்போவில் பஸ் நிறுத்துகிற மாதிரி ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கட்டம் பிரித்தேன். எந்தக் குழந்தை எந்த நேரத்தில் மணி எடுக்க வர வேண்டும், யாருக்குப் பின்னால் யார் என்று ட்ரிப் ஷீட் ஒன்று எழுதினேன். "இன்னாங்க இது, கொழந்தைங்க பொறந்தநாளா, பஸ் ஸ்டாண்டா? லேட்டா வர்ற கொழந்தைக்கு மெமோ குடுப்பீங்களா?" என்று கேட்டாள். காற்றில் மணி உருளாமல் இருக்க விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு வேண்டும் என்று யோசித்ததும் நான்தான், அதையாவது அவள் பாராட்டியிருக்கலாம். கயலைக் கோக்கிற வரிசையிலேயே நான் உட்கார வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, மணி டப்பாக்கள் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்து, யாருக்கு என்ன நிறம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற பெரிய அதிகாரியாக்கிவிட்டேன். பிறந்தநாள் கொண்டாடுகிறவள் ராணி மாதிரி உட்காரலாம், கையும் வெளியே தெரியாது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு உலகத்தில் கிடையாது என்று எனக்கு ஒரே பெருமை.

மணி வாங்க பாண்டி பஜாருக்கு நானே போனேன். அங்கேதான் தப்பு நடந்தது. ஃபேன்சி கடைப் பெண், "பிரேஸ்லெட்டுக்கா சார், எலாஸ்டிக் நூல் எடுத்துக்குங்க, சின்னப் பசங்களுக்கு அதுதான் ஈஸி" என்று ஒரு சுருளை நீட்டினாள். இழுத்தால் நீள்கிற நூல். ரப்பர். ரப்பர் என்றாலே எனக்கு ஆகாது, அது உனக்குத் தெரியும். ஃபேன் பெல்ட் அறுந்து நடுரோட்டில் நின்ற வண்டிகளை எத்தனை பார்த்திருப்பேன். ரப்பர் வெயிலில் இற்றுப்போகும், குழந்தைகள் ஆசையாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அறுந்து மணியெல்லாம் ரோட்டில் போகும் என்று எனக்குள்ளே ஒரு கணக்கு. "அதெல்லாம் வேணாம்மா, அறுக்கவே முடியாத நூலா ஒண்ணு குடு" என்றேன். அவள் மெழுகு பூசிய பருத்திக் கயிறு ஒன்றைக் காட்டினாள். இழுத்துப் பார்த்தேன், கம்பி மாதிரி நின்றது. அதையே வாங்கினேன். எலாஸ்டிக் என்றால் முடிச்சுப் போட்டுவிட்டு வளையல் மாதிரி கைக்குள் தள்ளிக்கொள்ளலாம், நீளாத கயிறு என்றால் கையில் வைத்துத்தான் கட்ட முடியும் என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ட்ரையல் ரன் பார்த்தேன். நானும் உன் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து கோத்தோம். நான் வேகமாகக் கோத்து, பார் என்று தூக்கிக் காட்டினேன். மறுமுனையில் முடிச்சு போட மறந்திருந்தேன். எல்லா மணியும் கொட்டி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. கயல் தரையில் விழுந்து புரண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "தாத்தா, பார்ட்டில நான் ஏன் தனியா உக்காரணும்?" என்று கேட்டாள். நீதானே ராணி என்று ஆரம்பித்தேன். "எனக்காகத்தான அப்படி வெச்ச?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் கோப்பேன். முடிச்சும் போடுவேன். பாக்கிறியா?" என்றாள்.

செந்தில், அன்றைக்கு நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் சமையலறைக்குப் போய்ச் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைக் கொண்டுவந்தாள். அதைத் தட்டில் அப்பிவிட்டு, கயிற்றின் ஒரு முனையை அதில் குத்தி நிற்க வைத்தாள். நான் வாங்கிவந்த மெழுகுக் கயிறு விறைப்பாக இருந்ததால் அது நின்றது. நிற்கிற கயிற்றின் தலையில் ஒவ்வொரு மணியாகப் போட்டாள், ஒரே கையால், அவசரமே இல்லாமல். மணி கீழே விழுந்தபோது தொடையில் உருட்டி எடுத்தாள். அப்புறம் முடிச்சு. இடது முன்கையை வைத்துக் கயிற்றை மேசையோடு அழுத்தினாள். வலது கையின் ரெண்டு விரலால் ஒரு சுற்று, பெருவிரலால் ஒரு தள்ளு, முனையைப் பல்லால் கடித்து ஒரு இழுப்பு. ஒருமுறை நழுவிற்று. ரெண்டாவதும் நழுவிற்று. "ச்சே, வழுக்குது" என்று கயிற்றைத் திட்டினாள், எச்சில் தொட்டாள், மறுபடி சுற்றினாள். நான் உதவிக்குக் கையை நீட்டினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். எதையும் கடிகாரத்தைப் பார்த்தே செய்து பழகியவன் நான். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. முடிச்சு விழுந்தது. இழுத்துப் பார்த்தேன். டிப்போவில் டார்ப்பாலின் கட்டுகிற ஆட்கள் போடுகிற முடிச்சு மாதிரி நின்றது.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் இல்ல. ஷூ லேஸ்ல பண்ணிப் பார்த்தேன்" என்றாள். எங்கள் வீட்டு ஹாலில், நான் டிவி பார்த்துக்கொண்டிருந்த சோபாவுக்குப் பின்னால், இத்தனை மாதமாக இந்தக் குழந்தை தனியாக ஒரு வித்தையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சாமி கும்பிடுகிற மாதிரி கை கூப்பலாமா என்றுகூடத் தோன்றியது, பயந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

அதற்காக அவளை ஒரேயடியாக நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்ளாதே. தொட்டி பக்கத்து நாற்காலியைத் தூக்கிவிட்டு வரிசையில் முதல் கட்டத்தை அவளே எடுத்துக்கொண்டாள். கறுப்பு மணி முழுவதும் தனக்குத்தான் என்று ஒளித்து வைத்தாள். என் ட்ரிப் ஷீட்டைப் பின்பக்கம் திருப்பி அதில் கேக் படம் வரைந்தாள். "நீ கோடு போட்டது நல்லா கீது தாத்தா, ஆனா யாரும் அதுல நிக்க மாட்டாங்க" என்றாள். அப்படியே நடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் குழந்தைகள் வந்து குவிந்தபோது நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். கேக் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாய். கேக் கடை தெருமுனையில் இருக்கிறது. கீழ்வீட்டு ஷகிலா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தபோது என்னிடம் மெதுவாக, "உங்க பையன் கேக் பாக்ஸை மடியில வெச்சுக்கினு கீழ பைக் மேலயே உக்காந்துக்கினு கீறாரு. கூப்புடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. கயலுடைய ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படமும் வலது பக்கத்திலிருந்தே எடுத்திருக்கும். இல்லாவிட்டால் இடது கை மேல் ஒரு பொம்மை இருக்கும். படம் எடுத்தது நீ. அவளை யாரும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிடக் கூடாது என்று இத்தனை வருஷமாக நீ காவல் நிற்கிறாய். அந்தக் காவல்காரனால் அந்த மாடியில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது என்று எனக்குப் புரிந்தது.

மேலே என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். கோக்கிறவரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. கயல் மாவு உருண்டையைத் தட்டில் வைத்ததும் பக்கத்தில் இருந்த பையன் அவினாஷ் தனக்கும் மாவு வேண்டும் என்றான். அப்புறம் எல்லோரும் கேட்டார்கள். உன் அம்மா ராத்திரிச் சப்பாத்திக்குப் பிசைந்த மாவு முழுவதும் மாடிக்குப் போய்விட்டது. ஒருத்தரும் அவள் கையைப் பார்த்ததாகவே தெரியவில்லை, அவரவர் தட்டைத்தான் பார்த்தார்கள். மற்றவர்கள் அவளைவிடச் சீக்கிரம் கோத்து முடித்தார்கள், அது உண்மை. அவள் பாதியில் இருக்கும்போதே மித்ரா முடித்துவிட்டாள். மித்ராதான் வகுப்பில் பிரேஸ்லெட் ராணி, கயலுக்கு நிறையக் கொடுத்தவளும் அவள்தான்.

முடித்ததைக் கையில் போட்டுக்கொள்ள வேண்டுமே. அப்போதுதான் என் நூலின் லட்சணம் தெரிந்தது. இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் கட்டுவதற்கு மிச்சம் இருப்பது வலது கை ஒன்றுதான். யாராக இருந்தாலும் அப்படித்தான், நான் அதை அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை. ரெண்டு முனையும் ரெண்டு பக்கம் தொங்க, ஒரு கையால் பிடிக்கவும் முடியாமல் முடிச்சு போடவும் முடியாமல் குழந்தைகள் தவித்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி கட்டிவிட்டார்கள். மெழுகு நூலில் முடிச்சு வழுக்கி அவிழ்ந்தது. "அங்கிள் கட்டி விடுங்க, அங்கிள் எனக்கு" என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கட்டினேன். நான் கட்டியதும் அவிழ்ந்தது. அவினாஷின் மணி முழுவதும் கொட்டி அவன் ஓவென்று அழுதான். அவன் அழுததைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் அழுதார்கள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். ரேவதி ஓடிப்போய் செலோ டேப்பைத் தேடினாள். பார்ட்டி என் கையாலேயே நாசமாகப் போகிறது என்று எனக்கு வியர்த்துவிட்டது.

கயல் இதெல்லாம் நடக்கும்போது தன் தட்டில் குனிந்திருந்தாள். முடித்துவிட்டு எழுந்தாள். அவள் மணிக்கட்டில் கறுப்பு மணி பிரேஸ்லெட் கச்சிதமாக நின்றது. மித்ரா அதைப் பார்த்துவிட்டாள்.

"உனக்கு யாரு கட்டுனா?"

"நானே."

"எப்படி?"

"முடிச்சு போடல. மாட்டுனேன். இங்க பாரு, இந்தப் பக்கம் ஓட்டை, அந்தப் பக்கம் பெரிய மணி. பட்டன் போடற மாதிரி."

ஒரு முனையில் கயிற்றை மடித்து ஒரு சின்ன வளையம் கட்டியிருந்தாள். மறுமுனையில் ஒரு பெரிய மணி. வளையத்தைக் கட்டும்போது கயிறு கையில் இருக்க வேண்டியதில்லை, தட்டில் வைத்தே கட்டிவிடலாம். கையில் போட்டுக்கொள்ளும்போது மணியை வளையத்துக்குள் தள்ளினால் போதும். ரெண்டு கை உள்ளவர்கள் யாருக்கும் தோன்றாத யோசனை. எங்களுக்கு அப்படி ஒரு யோசனையே இதுவரை தேவைப்பட்டதில்லை.

மித்ரா செய்து பார்த்தாள். வளையம் கட்டிவிட்டாள், கையில் மாட்ட வரவில்லை, கயிறு சுற்றிச் சுற்றி நகர்ந்தது. மறுபடி எரிச்சலில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்தேன். கயல், "தாத்தா, நீ உக்காரு" என்றாள். அப்புறம் மித்ராவிடம் சொன்னாள், பென்சிலை இப்படிச் சீவு என்று சொல்கிற அதே குரலில்: "உனக்கு ஒரு கைதான் கீதுன்னு நெனச்சுக்கோ. இன்னொரு கை பிடிக்காது, சும்மா அழுத்தும். மணிக்கட்டை வயித்தோட வெச்சு அழுத்து. இப்ப நகராது. பெருவிரலால தள்ளு."

மித்ரா தள்ளினாள். மணி வளையத்துக்குள் போயிற்று. அவள் கையை உதறிப் பார்த்தாள், நின்றது. "ஏய், நின்னுடுச்சு" என்றாள்.

செந்தில், அதற்கப்புறம் அந்த மாடி இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அத்தனை கூச்சலும் அடங்கிவிட்டது. எல்லாக் குழந்தைகளும் இடது கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, கயல் தினம் உட்காருகிற அதே மாதிரி தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒரே கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவில் நடந்தாள். "அவசரப்படாத." "எச்சி தொடு." "அப்படி இல்ல, லூசு." எட்டு வயது முடிந்த பெண். தெருவில் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்களே என்று நீயும் நானும் கைக்குட்டையைப் போட்டு மூடுகிறோமே, அந்தக் கைக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கிறது என்று பார்க்கப் பார்க்க எனக்கு மலைப்பாக இருந்தது. என்னுடைய ரெண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. வந்திருந்த ஒரு குழந்தையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், எவ்ளோ நல்ல பொண்ணு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாவப்பட வேண்டிய ஆள் ஒருத்தர் அங்கே இருந்தால் அது தப்பு நூல் வாங்கிவந்த நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

அவினாஷுக்கு மட்டும் வரவே இல்லை. கயல் ரெண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை, "எனக்குப் போரடிக்குது, மித்ரா, நீ சொல்லிக் குடு. எனக்குக் கேக் வேணும். அப்பா எங்க?" என்றாள். அந்த நேரத்தில்தான் நீ கேக்கோடு படியேறி வந்தாய். அவினாஷைத் தவிர எல்லோர் கையிலும் பிரேஸ்லெட் இருந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கயலைத்தான் முதலில் தேடினாய். அவள் சிரித்ததைப் பார்த்ததும் உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் எப்படியோ எல்லாருக்கும் கட்டிவிட்டேன், அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாய். கூட்டத்தில் உன்னைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

உனக்கு ஒரு சங்கதி ஞாபகப்படுத்துகிறேன். நீ கயல் வயதில் இருந்தபோது அடையாறுக்குத் தனியாக பஸ்ஸில் போக வேண்டும் என்று அடம்பிடித்தாய். நான் சரி என்றேன். சரி என்றுவிட்டு, அந்த வழியில் ஓடுகிற அத்தனை கண்டக்டரிடமும் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்தேன். நீ ஏறியதும் ஒருத்தர் உனக்கு சீட் பிடித்துக் கொடுத்தார், ஒருத்தர் உன் ஸ்டாப்பில் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். திரும்பி வந்து என்ன சொன்னாய் தெரியுமா? "நைனா, நான் தனியா போவவே இல்ல. நீதான் இட்டுக்கினு போன" என்று சொல்லிவிட்டு என்னோடு பேசாமல் இருந்தாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டிப்போ முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தேன். நீ ஏன் கோபப்பட்டாய் என்று இந்த வாரம்தான் முழுசாகப் புரிந்தது.

இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பார்ட்டி முடிந்த மறுநாள் சாயங்காலம் அவளிடம் கேட்டேன், பட்டன் போடுகிற மாதிரி என்று சொன்னாயே, அந்த யோசனை எப்படி வந்தது என்று. "தினம் போடறேன் இல்ல, அதான்" என்றாள். விளையாடிவிட்டு வந்து உடை மாற்றும்போது சட்டை பட்டன் எல்லாவற்றையும் அவளே போட்டுக்கொள்வதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆனால் காலையில் வேளச்சேரியில் யூனிஃபார்ம் பட்டன் போட்டுவிடுவது நீ. ஒரு நாள்கூடத் தவறாமல், முட்டி போட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக. ரேவதி சொல்லியிருக்கிறாள். "அப்பாகிட்ட உனக்கே வரும்னு சொல்லலாமே கண்ணு" என்றேன்.

"அப்பாவுக்கு அது பிடிக்கும் தாத்தா" என்றாள். "அப்பதான் எங்கிட்ட பேசுவாரு. அப்புறம் ஆபீஸ் போயிடுவாரு. நான் போட்டுக்கிட்டா அவருக்கு ஒண்ணும் இருக்காது."

அதைக் கேட்டு நான் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். நீ அவளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், செந்தில். உன் கைக்கு ஒரு வேலை கொடுத்து, நீ வருத்தப்படாமல் இருக்க நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள். இப்படி ஒரு மனசு அவ்வளவு சின்ன உடம்புக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டன் போடாதே என்று நான் சொல்ல வரவில்லை. முட்டி போட்டு உட்காரு, அவளோடு பேசு, அவள் போட்டுக்கொள்வதைப் பார். பேசுவதற்குப் பட்டன் ஒரு சாக்காக இருக்க வேண்டாம். அவள் பள்ளியில் ரெண்டு நாள் முதுமலைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டதற்கு நீ அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாயாம். அனுப்பு. வழியில் யாரிடமும் சொல்லி வைக்காதே. நானும் யாரிடமும் சொல்லி வைக்க மாட்டேன், எனக்கு அந்தப் பக்கத்து டிப்போவில் ஆள் இருக்கிறார்கள் என்றாலும்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு மத்தியானம் பள்ளிவிட்டு வந்ததிலிருந்து கயல் மறுபடி மாவு உருண்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். மிச்சமிருந்த கறுப்பு மணி எல்லாம் வெளியே வந்திருக்கிறது. பெரிய அளவு, உன் மணிக்கட்டுக்கு. கோத்து முடித்துவிட்டாள், ரெண்டு முனையும் சும்மா தொங்குகிறது. வளையம் கட்டலியா, பெரிய மணி எங்கே என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு வளையம் வேணாம்" என்றாள். "வளையம் வெச்சா அவரே மாட்டிக்குவாரு. முடிச்சுதான். நான் கட்டணும்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு வா. கையை மேசைமேல் நீட்டு. மெழுகு நூல், வழுக்கும், ரெண்டு மூன்று முறை அவிழும். முனையைக் கடிக்க அவள் உன் கையருகே குனியும்போது உன் இன்னொரு கை தானாக எழும், எனக்குத் தெரியும். அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். அவள் கட்டி முடிக்கிறவரை எடுக்காதே.

உன் நைனா